மனச்சிதைவு, மனச்சோர்வு: எந்த மருந்து, எதற்காக?

மனச்சிதைவுக்கோ (ஸ்கிசோஃப்ரினியா) மனச்சோர்வுக்கோ (டிப்ரஷன்) மருந்து தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "இருப்பதிலேயே நல்ல மருந்து எது?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் எழுபது வருடங்களாக நடந்திருக்கும் ஆய்வுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் கிடைக்கும் பதில் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். நோயைக் குறைக்கும் திறனில் பெரும்பாலான மருந்துகளுக்கு நடுவே வித்தியாசம் கொஞ்சம்தான். பக்கவிளைவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதனால், இந்த மனிதரால் எந்த மருந்தோடு வருடக்கணக்கில் வாழ முடியும் என்பதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு: க்ளோசபின் என்ற மனச்சிதைவு மருந்து. அதைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவர் எதிரில் உட்காரும்போது எதையெல்லாம் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

புள்ளி குறைந்தது என்றால் என்ன?

ஒரு மருந்து "10 புள்ளி குறைத்தது" என்று ஆய்வு சொல்கிறது. எதில் 10 புள்ளி? மனச்சிதைவு ஆய்வுகளில் பெரும்பாலும் பான்ஸ் என்ற அளவுகோலில். பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசி, 30 விஷயங்களுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவார். குரல் கேட்கிறதா, யாரோ தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமாக இருக்கிறது, பேச்சில் கோர்வை இருக்கிறதா, முகத்தில் உணர்ச்சி மங்கியிருக்கிறதா, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குகிறாரா என்று பட்டியல் போகும். ஒவ்வொன்றும் 1-ல் தொடங்குவதால், எந்த அறிகுறியும் இல்லாதவருக்கும் மொத்தம் 30 வந்துவிடும். ஆகவே 90-லிருந்து 75-க்கு இறங்கினால், நிஜமான நோய்ப் பாரம் 60-லிருந்து 45 ஆகியிருக்கிறது என்று படிக்க வேண்டும். அதாவது கால்வாசி குறைந்திருக்கிறது.

மனச்சோர்வுக்கு மேக்ஸ் ஹாமில்டன் 1960-ல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 17 கேள்விகள், அதிகபட்சம் 52 புள்ளி. அதில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள், 6 புள்ளி. தூக்கம் வரவைக்கும் எந்த மருந்தும் மனசு தெளியாமலேயே அதில் சில புள்ளிகளைக் குறைத்துவிட முடியும். வேலைக்குத் திரும்பிப் போனாரா, பழைய நண்பரைக் கூப்பிட்டுப் பேசினாரா என்பதெல்லாம் இந்த எண்களுக்குள் மங்கலாகத்தான் தெரியும்.

அடுத்தது, எந்த ஆய்வுகள் வெளியே வந்தன என்பது. எரிக் டர்னரும் அவர் குழுவும் 2008-ல் ஒரு முக்கியமான வேலை செய்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளை எடுத்து, அவற்றில் எவையெல்லாம் மருத்துவ இதழ்களில் வந்தன என்று தேடினார்கள். மருந்துக்குச் சாதகமான 38 ஆய்வுகளில் 37 வெளியாகியிருந்தன. சாதகமில்லாத, அல்லது சந்தேகத்துக்கு இடமான 36-ல் 22 வெளியாகவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகமானவை போல எழுதப்பட்டு வந்திருந்தன. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு 94 சதவீத ஆய்வுகள் வெற்றி என்று தெரிந்திருக்கும். உண்மையில் பாதிதான். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அந்த 22 ஆய்வுகளிலும் நிஜ மனிதர்கள் தங்கள் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

மனச்சிதைவு: பழைய மருந்தா, புதிய மருந்தா?

1952-ல் பாரிஸின் செயின்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியேர் டெனிக்கரும் குளோர்ப்ரோமசினைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து மனச்சிதைவுக்கான மருந்துக் காலம் தொடங்குகிறது. ஹாலோபெரிடால், பெர்ஃபெனசின் போன்றவை அந்தப் பழைய தலைமுறை. 1990-களில் ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், க்வெட்டியாபின் என்று வரிசையாக வந்தபோது, இவை எல்லா விதத்திலும் மேல் என்று நம்பப்பட்டது. விலையும் பல மடங்கு.

அந்த நம்பிக்கையை உரசிப் பார்த்தது கேட்டி ஆய்வு. அமெரிக்க அரசுப் பணத்தில், 57 இடங்களில், 1,493 பேரோடு நடந்து, 2005-ல் முடிவு வந்தது. நான்கு புதிய மருந்துகளோடு பெர்ஃபெனசினையும் ஒன்றாக வைத்தார்கள். எவ்வளவு காலம் ஒருவர் அதே மருந்தில் நீடிக்கிறார் என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். புத்திசாலித்தனமான அளவீடு அது. மருந்து போதவில்லை என்றாலும் விடுவார்கள், தாங்க முடியவில்லை என்றாலும் விடுவார்கள். 18 மாதத்துக்குள் 74 சதவீதம் பேர் தங்களுக்குக் கிடைத்த மருந்தை விட்டிருந்தார்கள். ஓலன்சபினில் 64, ரிஸ்பெரிடோனில் 74, பெர்ஃபெனசினில் 75, சிப்ராசிடோனில் 79, க்வெட்டியாபினில் 82 சதவீதம். ஓலன்சபின் முந்தியது, ஆனால் அதில் இருந்தவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 900 கிராம் எடை ஏறியது. பழைய பெர்ஃபெனசின், மற்றப் புதியவற்றுக்கு ஏறக்குறைய சமமாக நின்றது. (கைகால், வாய் தானாக அசையும் கோளாறு ஏற்கெனவே இருந்தவர்களை பெர்ஃபெனசின் பக்கம் அனுப்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், அது பழைய மருந்துக்குக் கொஞ்சம் அனுகூலம்.)

அடுத்த ஆண்டு பிரிட்டனில் 227 பேரோடு நடந்த கட்லஸ் ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. புதிய மருந்துகள்தான் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பழையவற்றில் இருந்தவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கியிருக்கவில்லை.

2019-ல் 32 மருந்துகள், 402 ஆய்வுகள், 53,463 பேர் என்று எல்லாவற்றையும் சேர்த்து அலசிய ஒரு பெரிய தொகுப்பு லான்செட் இதழில் வந்தது. அதன் சாரமும் இதுதான்: திறனில் உள்ள வித்தியாசம் படிப்படியானது, இங்கே கோடு போட்டு மேல், கீழ் என்று பிரிக்க முடியாது, பக்கவிளைவில் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

சரி, அந்தப் பக்கவிளைவுகள் என்னென்ன?

எடையும் சர்க்கரையும் முதலில். ஓலன்சபினும் க்ளோசபினும் இதில் மோசம். க்வெட்டியாபின், ரிஸ்பெரிடோன் நடுவில். அரிப்பிப்ரசோல், லுராசிடோன், சிப்ராசிடோன், ஹாலோபெரிடால் குறைவு. ஓலன்சபினில் வரும் பசி சாதாரணப் பசி அல்ல. சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி வயிறு கேட்கும், நடு ராத்திரியில் எழுப்பும். "வாயைக் கட்டுப்படுத்து" என்று அறிவுரை சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆரம்பத்திலேயே சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினைச் சேர்ப்பது எடை ஏற்றத்தை ஓரளவு குறைக்கிறது என்பதற்குப் பல ஆய்வுகள் இருக்கின்றன. பத்து கிலோ ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது அசைவுக் கோளாறுகள். ஹாலோபெரிடாலில் தசை விறைப்பும் நடுக்கமும் அதிகம். சிலருக்கு முதல் நாட்களிலேயே கழுத்தும் கண்ணும் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். இதைவிடக் கண்ணுக்குத் தப்பிப்போகும் ஒன்று, அகத்தீசியா என்ற தவிப்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் நடக்கத் தோன்றும். நடந்தாலும் அடங்காது. வரிசையில் நிற்கும்போது கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டே இருப்பார்கள். பழைய மருந்துகளில் மட்டுமல்ல, அரிப்பிப்ரசோலிலும் கேரிப்ரசினிலும்கூட இது வரும். இதில் ஆபத்து என்னவென்றால், வீட்டில் இருப்பவர்கள் "நோய் அதிகமாகிவிட்டது, ஒரு இடத்தில் இருக்கமாட்டேன் என்கிறான்" என்று சொல்ல, டோஸ் கூட்டப்பட, தவிப்பு இன்னும் ஏறும். மருந்து தொடங்கிய பிறகோ, டோஸ் கூட்டிய பிறகோ இப்படி ஆரம்பித்தால் அந்த நேரக் கணக்கை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது ஒன்றே போதும், அவருக்குப் புரிந்துவிடும்.

மூன்றாவது புரோலாக்டின் ஹார்மோன். ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைட் இதை நன்றாக ஏற்றும். மாதவிடாய் நின்றுபோகும், மார்பில் பால் கசியும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் உடலுறவில் நாட்டமே போய்விடும். கேட்டால் ஒழிய யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். சொல்லாமலேயே மாத்திரையை விட்டுவிடுவார்கள்.

முதல் முறை நோய் வந்திருக்கும் இளவயதுக்காரருக்கு என்றால், என் சாய்வு ஓலன்சபினில் தொடங்குவதற்கு எதிரானது. முதல் முறை வருபவர்களுக்குக் குறைந்த டோஸே பெரும்பாலும் போதும். அதே சமயம் பக்கவிளைவு அவர்களைத்தான் வேகமாகப் பிடிக்கும். அரிப்பிப்ரசோல், இல்லையென்றால் குறைந்த டோஸில் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைட் என்று தொடங்கிப் பார்க்க இடம் இருக்கிறது. ஐரோப்பாவில் நடந்து 2018-ல் வெளிவந்த ஆப்டிமைஸ் ஆய்வில், முதல் முறை நோய் கண்ட 446 பேருக்கு நான்கு வாரம் அமிசல்பிரைட் கொடுத்தார்கள். 56 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். தேறாதவர்களில் பாதிப் பேரை ஓலன்சபினுக்கு மாற்றி, மீதிப் பேரை அதே மாத்திரையில் தொடரவிட்டார்கள். இரண்டு பக்கமும் பலன் ஒன்றாகவே இருந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தாலே தேறியிருக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை என்பதும் இதில் தெரிகிறது.

க்ளோசபின்: ஆய்வுகள் உரக்கப் பேசும் இடம்

இரண்டு வெவ்வேறு மருந்துகளைச் சரியான டோஸில், போதுமான வாரங்கள், ஒழுங்காகச் சாப்பிட்டும் குரல்கள் ஓயவில்லை என்றால், அப்போது முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: மூன்றாவதாக இன்னொரு சாதாரண மருந்து, இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, அல்லது க்ளோசபின். இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. க்ளோசபின்தான்.

இதன் கதை விசித்திரமானது. 1975-ல் ஃபின்லாந்தில், இந்த மருந்து எடுத்த சிலருக்கு வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்து உயிர் போனது. பல நாடுகளில் மருந்து பின்வாங்கப்பட்டது. ஆனால் வேறு எதற்கும் அசையாத நோயாளிகள் இதில் மட்டும் எழுந்து நடமாடியதைப் பார்த்த மருத்துவர்கள் விடவில்லை. ஜான் கேன் தலைமையில் 1988-ல் வந்த ஆய்வு கடுமையான நிபந்தனைகளோடு அமைந்தது. ஏற்கெனவே மூன்று மருந்துகளுக்கு மசியாதவர்களை எடுத்து, ஹாலோபெரிடால் கொடுத்து மறுபடி சோதித்து, அதற்கும் தேறாதவர்களையே சேர்த்தார்கள். 268 பேர், ஆறு வாரம். குளோர்ப்ரோமசினில் 4 சதவீதம் பேர் தேறினார்கள். க்ளோசபினில் 30 சதவீதம். மனநல மருந்தாய்வுகளில் இவ்வளவு பெரிய இடைவெளியை அரிதாகத்தான் பார்க்க முடியும்.

அதன் பிறகு 980 பேரை இரண்டு வருடம் கவனித்த இன்னொரு ஆய்வு, தற்கொலை முயற்சிகள் ஓலன்சபினைவிட க்ளோசபினில் குறைவு என்று 2003-ல் காட்டியது. ஃபின்லாந்திலேயே, மருந்து முதலில் உயிர் வாங்கிய அதே நாட்டில், 66,881 நோயாளிகளின் பதிவேடுகளை அலசிய ஆய்வு 2009-ல் வந்தது. க்ளோசபின் எடுத்தவர்களிடையே இறப்பு விகிதம் மற்ற மருந்துகளைவிடக் குறைவாக இருந்தது. பதிவேட்டு ஆய்வில் யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கலில் முடிவாவதில்லை. அந்தக் குறை இதற்கும் உண்டு. ஆனாலும் பல திசைகளிலிருந்து வரும் சாட்சியங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

ஆபத்துகள் இல்லாமல் இல்லை. வெள்ளையணு ஆபத்தான அளவுக்குக் குறைவது நூறில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு. பெரும்பாலும் முதல் சில மாதங்களில். அதற்காகத்தான் தொடக்கத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. 2025-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பரிசோதனை முடிவைப் பதிவு செய்தால்தான் மருந்து தரலாம் என்ற கட்டாயத் திட்டத்தை விலக்கிக்கொண்டது. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற பரிந்துரை அப்படியே இருக்கிறது. ரத்தத்தைப் பற்றிப் பயப்படும் அளவுக்கு மலச்சிக்கலைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டும். க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்கிவிடும். குடல் அடைத்து இறந்தவர்கள் உண்டு. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்ப்பதைப் பற்றிக் கேளுங்கள். முதல் மாதத்தில் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். ராத்திரி தலையணை நனையும் அளவுக்கு எச்சில் வடியும், எடை ஏறும், டோஸ் அதிகமானால் வலிப்பு வரலாம்.

வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். ஒன்று, சிகரெட் புகை க்ளோசபினை உடம்பு வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. நிறையப் புகைப்பவர் திடீரென்று நிறுத்தினால், அதே டோஸில் ரத்தத்தில் மருந்து அளவு ஏறிவிடும். நல்ல காரியம்தான், ஆனால் நிறுத்தும் முன் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு, 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய டோஸை எடுத்து வாயில் போடக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படியேற வேண்டும்.

இவ்வளவு சிரமம் இருப்பதால்தான் பலருக்கும் இது வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது. அந்த வருடங்களில் படிப்பு போகும், வேலை போகும், சுற்றியிருப்பவர்களின் பொறுமை போகும். இரண்டு மருந்து பலிக்காதவரிடம் க்ளோசபின் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாத்திரையா, ஊசியா?

ஸ்வீடனில் 29,823 பேரின் பதிவேடுகளைப் பார்த்த 2017-ம் ஆண்டு ஆய்வில், நீண்ட நாள் வேலை செய்யும் ஊசிகள் அதே மருந்தின் மாத்திரை வடிவத்தைவிட மறுபடி மருத்துவமனையில் சேரும் வாய்ப்பை 20 முதல் 30 சதவீதம் வரை குறைத்தன. குலுக்கல் முறை ஆய்வுகளோ இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அமெரிக்காவில் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களிடம் நடந்த ஆய்வில் மாத ஊசி தெளிவாக முந்தியது; ஐரோப்பாவில் 533 பேரிடம் நடந்ததில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் இது: ஆய்வில் சேரச் சம்மதித்து, குறித்த நாளில் தவறாமல் வருபவர்கள் மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள். ஊசியால் யாருக்கு அதிகப் பலனோ அவர்கள் ஆய்வுக்குள் வருவதே குறைவு.

மாத்திரை மறந்துபோகிறது, அல்லது தினமும் "சாப்பிட்டாயா?" என்று கேட்டுக் கேட்டு வீட்டில் சண்டையாகிறது என்றால் ஊசி நல்ல வழி. பாலிபெரிடோனில் மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று மூன்று விதம் உண்டு. மாத்திரையாகக் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே ஊசி. உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது. தண்டனை போல ஊசியைக் காட்டிப் பயமுறுத்தினால் அந்த வழி நிரந்தரமாக அடைபட்டுவிடும்.

2024-ல் வந்த புதிய மருந்து

இதுவரை சொன்ன எல்லா மனச்சிதைவு மருந்துகளும் ஏதோ ஒரு விதத்தில் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் வாசலைத் தொடுபவை. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸானோமெலின்-ட்ரோஸ்பியம் கூட்டு மருந்து மஸ்கரினிக் என்ற வேறு வாசல் வழியாக வேலை செய்கிறது. 252 பேரிடம் ஐந்து வாரம் நடந்த ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட (பிளேசிபோ) பான்ஸில் 9.6 புள்ளி அதிகம் குறைத்தது. எடை ஏற்றமும் விறைப்பும் பிரச்சினையாகவில்லை; குமட்டல், வாந்தி, மலச்சிக்கல்தான் தொல்லை. ஐந்து வாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருடத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஏற்கெனவே ஒரு மருந்தில் நிம்மதியாக இருப்பவர் இதற்காக மாற வேண்டும் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

மனச்சோர்வு: 21 மருந்துகளுக்கு நடுவே

மனச்சோர்வின் முதல் மருந்துகளில் ஒன்றான இமிப்ரமின், உண்மையில் மனச்சிதைவுக்காகச் சோதிக்கப்பட்டது. ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் குன் 1950-களில் கொடுத்துப் பார்த்தார். மனச்சிதைவுக்குப் பயன்படவில்லை; ஆழ்ந்த சோர்வில் கிடந்தவர்கள் எழுந்தார்கள்.

2018-ல் ஆண்ட்ரியா சிப்ரியானியும் குழுவும் 522 ஆய்வுகளை, 1,16,477 பேரின் தரவை, வெளிவராத ஆய்வுகள் உட்பட ஒன்றாகச் சேர்த்தார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்று வந்தது. சராசரி வித்தியாசம் சிறியது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. 2022-ல் 73,388 பேரின் தனித்தனித் தரவை அலசிய ஆய்வு இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்தது: வெற்று மாத்திரையில் கிடைப்பதைத் தாண்டிப் பெரிய அளவில் தேறுபவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம். ஆக, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்பதைவிடச் சிலருக்கு நிறைய, பலருக்குக் கொஞ்சம் என்று கொள்வதுதான் பொருத்தம். அந்தச் சிலரில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். லேசான மனச்சோர்வு என்றால் பேச்சுச் சிகிச்சையில் தொடங்குவதே நல்லது என்பேன்.

மருந்துதான் என்று முடிவானால், எஸ்கிடலோபிராமும் செர்ட்ரலினும் பலருக்கு நல்ல தொடக்கம். ஆனால் இவற்றின் குடும்பம் முழுவதும் உடலுறவு நாட்டத்தைக் குறைக்கும். அது பெரிய பிரச்சினை என்றால் பியூப்ரோப்பியானோ மிர்டாசபினோ. தூக்கமில்லாமல், சாப்பிடாமல் மெலிந்தவருக்கு மிர்டாசபின் பொருந்தும். ஏற்கெனவே எடையோடு போராடுபவருக்குப் பொருந்தாது. வலிப்பு வந்தவருக்கு பியூப்ரோப்பியான் கூடாது. ரத்தக்கொதிப்பு இருந்தால் வென்லாஃபாக்சினில் கவனம். சிப்ரியானியின் பட்டியலில் திறனில் முதலில் நின்றது பழைய அமிட்ரிப்டிலின். ஆனால் அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத்தை நிறுத்தக்கூடியது அது. தற்கொலை எண்ணம் இருப்பவர் வீட்டில் ஒரு மாத அட்டையை வைப்பது சரியல்ல. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எந்த மருந்தானாலும் முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே வேண்டாமல், அளவுகடந்த உற்சாகத்தில், பணத்தை வாரி இறைத்துத் திரிந்த நாட்கள் இருந்தனவா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இருந்தால் இது இருதுருவ நோயாக இருக்கலாம். அப்போது சிகிச்சையே வேறு.

முதல் மருந்து போதவில்லை என்றால்

4,041 பேரோடு நடந்த அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வு, முதல் மருந்தில் 37 சதவீதம், இரண்டாவதில் 31, மூன்றாவதில் 14, நான்காவதில் 13 சதவீதம் பேர் முழுமையாகத் தேறியதாக 2006-ல் சொன்னது. எல்லாப் படிகளும் ஏறினால் மொத்தம் 67 சதவீதம் என்ற கணக்கு வருடக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டது. 2023-ல் மூலத் தரவை எடுத்து, ஆய்வாளர்கள் முதலில் எழுதிவைத்த விதிகளின்படியே கணக்குப் போட்டவர்களுக்கு அது 35 சதவீதமாகத்தான் வந்தது. எந்தக் கணக்கை எடுத்தாலும், முதல் இரண்டு படிகளில்தான் வாய்ப்பு அதிகம். மூன்றாவதாக அதே மாதிரி இன்னொரு மாத்திரை என்று போவதற்குப் பதிலாக வழியை மாற்ற வேண்டும்.

மருந்தை மாற்றுவதா, கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பதா? 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2023-ல் வந்த ஆய்வில், அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களில் 28.9 சதவீதம், பியூப்ரோப்பியான் சேர்த்தவர்களில் 28.2 சதவீதம், பியூப்ரோப்பியானுக்கு மாறியவர்களில் 19.3 சதவீதம் தேறினார்கள். பியூப்ரோப்பியான் சேர்த்தவர்கள்தான் அதிகம் தடுமாறி விழுந்தார்கள். வயதானவர் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய மருந்து கொஞ்சமாவது உதவியிருந்தால் சேர்ப்பது, துளியும் உதவவில்லை என்றால் மாற்றுவது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அரிப்பிப்ரசோல் மனச்சிதைவு மருந்துதான். இங்கே சிறிய டோஸில் வருகிறது. முன்பு சொன்ன அகத்தீசியா தவிப்பு மட்டும் சிறிய டோஸிலும் வரலாம்.

அதற்கும் மேலே போனால் மயக்க மருந்தான கெட்டமினும் மின்அதிர்வு சிகிச்சையும் (இ.சி.டி.). இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்த இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவு தந்திருக்கின்றன. 2023-ல் அமெரிக்காவில் 403 பேரைச் சேர்த்த ஆய்வில் கெட்டமினில் 55.4 சதவீதம் பேருக்குப் பலன், மின்அதிர்வில் 41.2. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்வீடனில் 186 பேரிடம் நடந்ததில் மின்அதிர்வில் 63 சதவீதம் பேர் தேறினார்கள், கெட்டமினில் 46. யார் உள்ளே வந்தார்கள் என்று பார்த்தால் முடிச்சு அவிழும். அமெரிக்க ஆய்வில் மாயநம்பிக்கை இல்லாதவர்கள், பெரும்பாலும் வெளிநோயாளிகள். ஸ்வீடனில் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள். மாயநம்பிக்கையோடு கூடிய கடும் சோர்வில் இருந்தவர்களும் அதில் அடக்கம். சாப்பாடு தண்ணீர் இல்லாமல், பேச்சில்லாமல் கிடப்பவருக்கு மின்அதிர்வு. நடமாடிக்கொண்டே உள்ளுக்குள் நொறுங்கியிருப்பவருக்கு கெட்டமினை முதலில் பார்க்கலாம்; நினைவு மறதித் தொல்லை அதில் குறைவு. மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமின் என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது.

தொடர்வதா, குறைப்பதா?

மனச்சிதைவில் இதற்கான பதில் கண்டிப்பானது. 65 ஆய்வுகளைத் தொகுத்த 2012-ம் ஆண்டு அலசலில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் 27 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு. மெதுவாகக் குறைத்தால் தப்பிக்கலாமா என்று பிரிட்டனில் 253 பேரிடம் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் கடுமையாக நோய் திரும்பியவர்கள் குறைத்தவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13. குறைத்ததால் சமூக வாழ்க்கையும் மேம்படவில்லை. ஆனாலும் அந்த 25 சதவீதத்துக்கு வெளியே முக்கால்வாசிப் பேர் இருக்கிறார்கள். அதனால் "குறைக்கலாமா?" என்று ஒருவர் கேட்டால் அதட்டி உட்காரவைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. திருட்டுத்தனமாக ஒரே நாளில் நிறுத்துவதைவிட, மருத்துவர் கண் முன்னால் மாதக்கணக்கில் இறங்குவது எவ்வளவோ பத்திரம்.

மனச்சோர்வில் கணக்கு கொஞ்சம் இளக்கமானது. நீண்ட நாள் மருந்தில் நன்றாக இருந்த 478 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில், ஒரு வருடத்தில் நோய் திரும்பியது தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், நிறுத்தியவர்களில் 56. நிறுத்தியவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் நோய் திரும்பாமலே ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டார்கள். முதல் முறை மட்டுமே மனச்சோர்வு வந்து, தேறி ஆறு மாதத்துக்கு மேல் ஆனவர் நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. மூன்று நான்கு முறை வந்தவர் தொடர்வது நல்லது.

நிறுத்தும்போது கடைசிப் படிகளைத்தான் சின்னதாக வைக்க வேண்டும். 20 மில்லிகிராமிலிருந்து 10-க்கு இறங்குவதைவிட 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது மூளைக்குப் பெரிய மாற்றம். தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற வெட்டு எல்லாம் டோஸ் குறைத்த சில நாட்களுக்குள் வந்தால், அது பெரும்பாலும் மருந்து விலகுவதன் அறிகுறி. முந்தைய டோஸுக்கு ஏறி நின்று, இன்னும் மெதுவாக இறங்கலாம். சில வாரங்கள் நன்றாகவே இருந்துவிட்டு, பிறகு காலையில் எழவே மனமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் மெல்ல மெல்லச் சரிந்தால் அது நோய் திரும்புவது. எந்தத் தேதியில் எவ்வளவு குறைத்தோம், எந்த நாளில் என்ன தொடங்கியது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால், மருத்துவர் அதைப் பார்த்த உடனே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார்.